நாணுடைய கோட்டுருக்கள்



வல்லினம் மிகும் இடங்கள், ஒருமை பன்மை மயக்கம் என்று எதையேனும் எதிர்பார்த்து இப்பக்கத்திற்கு வருவோர் இம்முறை சற்றுப் பொறுத்தருள வேண்டும். இப்பதிவு கணிதத்தைப் பற்றியது. அதுவும் தொடக்கப்பள்ளிக் கணக்கு அன்று. பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயிலும் என் மகனின் இரண்டாம் ஆண்டுப் பாடமாகிய கோட்டுருவியல். தமிழாசிரியைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை வந்து சேர்ந்தது. நானாகத் தேடிப் போகவில்லை.

என் தந்தையார் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர். சிங்கப்பூரில் கணக்கும் அறிவியலும் தமிழிலேயே கற்பிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்று சொன்னால் இன்றைய பெற்றோர் சிலர் வியக்கிறார்கள். கடைசித் தமிழ்வழி உயர்நிலைப்பள்ளியான உமறுப்புலவர் பள்ளி 1982ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அப்பெயர் இன்று சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் உள்ள தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. தந்தையார் முக்கோணத்தையும் தொடுகோட்டையும் தமிழில் கற்றார். பிறகு துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுத்தராக இருந்து ஆங்கிலத்தையும் நன்றாகவே கைக்கொண்டார். பேரனோடு அவர் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் புகுந்து மொழிக்காவல் செய்ய மனம் வரவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. மெல்லத் திரும்பியபோது தமிழ் மட்டும் திரும்பியது. ஆங்கிலத்தில் நாம் சொல்வது ஓரளவு புரிகிறது. ஆனால் பதில் சொல்ல வாய் வருவதில்லை. இருமொழி பேசுவோருக்கு இப்படி ஒரு மொழி முந்திக்கொண்டு மற்றொன்று பின்தங்குவதுண்டு என்று மருத்துவர் சொன்னார். ஆக, சனிக்கிழமைதோறும் தாத்தாவைப் பார்க்க வரும் என் மகனிடம் "சாப்பிட்டீங்களா தாத்தா" என்பதற்கு மேல் சொற்கள் இல்லை. அவரிடமோ தமிழைத் தவிர வேறு சொற்கள் இல்லை. இருவரும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் பொறுக்கமாட்டாமல், "இந்த வாரம் என்ன படித்தாயோ அதைத் தாத்தாவிடம் சொல்" என்றேன்.

"அம்மா, அதுக்கெல்லாம் தமிழ்ல வார்த்தையே இல்லம்மா."

தமிழாசிரியையிடம் சொல்லத்தகாத வாக்கியம் இது என்று அவனுக்கு இருபது ஆண்டுகளாகத் தெரியும். தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

முதற்சொற்கள் எளிதாகவே அமைந்தன. புள்ளிகளும் அவற்றைச் சேர்க்கும் கோடுகளும் கொண்டது கோட்டுரு. புள்ளிக்கு முனை என்று பெயர். கோடு எவ்வளவு நீளம், நேரா வளைவா என்பது பொருட்டன்று. எந்த முனை எந்த முனையோடு இணைந்துள்ளது என்பது மட்டுமே பொருட்டு. சில முனைகள் வரிசையாக இணைந்து தொடங்கிய இடத்திற்கே திரும்பினால் அது வட்டம். வட்டத்தில் அடுத்தடுத்து இல்லாத இரு முனைகளை இணைக்கும் கோட்டுக்கு ஆங்கிலத்தில் அவர்கள் வைத்த பெயரை மகன் சொன்னான். எனக்கு உடனே சொல் வரவில்லை. தந்தையார் இடக்கையால் தாளை இழுத்து, ஒரு வட்டம் வரைந்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, "நாண்" என்றார். வடிவியலில் அவர் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு படித்த அதே சொல். மகனின் பாடத்திலும் அதே உவமைதான்.

நான்கோ அதற்கு மேலோ முனைகள் கொண்ட ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு நாணாவது இருக்குமாயின் அது நாண் கோட்டுரு. "நாணுடைய கோட்டுரு என்று சொல்லேன். வள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே" என்றார் தந்தையார். பக்கவாதத்திற்குப் பிறகு அவர் சிலேடை பேசி நான் கேட்டது அன்றுதான். மகனுக்கு அது புரியவில்லை. நாண் என்றால் வில்லின் கயிறு, வெட்கமும்தான் என்று விளக்கியபின் தாமதமாகச் சிரித்தான்.

நாண் இல்லாத வட்டத்திற்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் லிட்டில் இந்தியாவுக்குப் போகலாம். சிராங்கூன் சாலையிலிருந்து கேம்பல் லேனும் டன்லப் தெருவும் பிரிகின்றன. கிளைவ் தெரு அவ்விரண்டையும் குறுக்கே வெட்டுகிறது. 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் நிற்பது கேம்பல் லேனும் கிளைவ் தெருவும் கூடும் மூலையில். நான்கு சந்திகள், நான்கு தெருத்துண்டுகள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே தெரு கிடையாது. "நடுவில் கடைவீடுகள் அல்லவா இருக்கின்றன? நாண் போட எவன் விடுவான்?" என்றார் தந்தையார்.

(இடைக்குறிப்பு: அந்த வட்டாரத்தில் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்று இரண்டு உண்டு. மலாய்மொழியில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். ஒரே விலங்குக்கு இரண்டு மொழிகளில் இரண்டு தெருக்கள் வைத்த ஊர் நம்முடையது.)

இதனால் என்ன பயன் என்று தந்தையார் கேட்டார். நான் என் தொழிலிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தமிழ்மொழி விழாவுக்கு ஆறு குழுக்கள் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாடகம் காலை 9 முதல் 11 வரை. பேச்சு 9.30 முதல் 10.30 வரை. வில்லுப்பாட்டு 10 முதல் 12 வரை. கதைசொல்லல் 10.45 முதல் 11.30 வரை. கோலம் 11 முதல் 1 வரை. கவிதை 11.45 முதல் 12.30 வரை. எத்தனை அறைகள் வேண்டும்? குழு ஒவ்வொன்றும் ஒரு முனை. நேரம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரண்டுக்கும் இடையே கோடு. அறை என்பது நிறம். கோட்டால் இணைந்த இரு முனைகளுக்கு ஒரே நிறம் கூடாது. பள்ளி அலுவலகத்தில் அறை ஒதுக்குபவர் செய்வது கோட்டுருவுக்கு நிறந்தீட்டும் வேலை. அவருக்கு அது தெரியாது, அவ்வளவே.

எந்த நேரத்தை எடுத்துக்கொண்டாலும் ஒருசேர மூன்று குழுக்களுக்கு மேல் இல்லை. ஆகவே மூன்று அறைகளாவது வேண்டும். மூன்றே போதுமா என்பதுதான் கேள்வி. விண்ணப்பம் வந்த வரிசையில், முதலில் பொருந்தும் அறையைக் கொடுத்துக்கொண்டே போவதாக வையுங்கள். பேச்சுக்கு முதல் அறை. அதனோடு மோதாத கோலத்திற்கும் அதே அறை. நாடகத்திற்கு இரண்டாவது, கவிதைக்கும் இரண்டாவது. வில்லுப்பாட்டு இவை எல்லாவற்றோடும் மோதுவதால் மூன்றாவது. கடைசியில் வரும் கதைசொல்லல் நாடகத்தோடும் வில்லுப்பாட்டோடும் கோலத்தோடும் மோதுகிறது; மூன்று அறைகளும் போயின. நான்காவது அறை தேட வேண்டும். ஆண்டுதோறும் ஏதோ ஒரு பள்ளியில் ஏதோ ஒரு தமிழ்க்குழு உணவகத்து மூலையில் ஒத்திகை பார்ப்பதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம் (வேறு காரணங்களும் உண்டு, அவை கணிதத்தில் அடங்கா).

நேர இடைவெளிகளிலிருந்து எழும் கோட்டுரு எப்போதும் நாணுடையதாகவே இருக்கும். நான்கு முனை வட்டத்தைக் கொண்டு மகன் அதைக் காட்டிய விதம் எனக்கு மிகப் பிடித்திருந்தது. அ, ஆ, இ, ஈ என்ற நால்வர் வட்டமாக இணைந்துள்ளனர் என்க. அ, இ இருவரும் சந்திக்கவில்லை. ஆகவே அ போன பிறகே இ வந்திருக்க வேண்டும், அல்லது இ போன பிறகு அ. இருவருக்கும் நடுவே ஒரு வெறுமை. ஆ இருவரையும் சந்தித்தவர். எனவே அந்த வெறுமை முழுவதும் அங்கே இருந்தார். ஈயும் அவ்வாறே. அப்படியானால் ஆவும் ஈயும் அந்த வெறுமையில் சந்தித்தே தீர வேண்டும். அதுதான் நாண்.

இதைக் கேட்டதும் தந்தையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளைக் கரைத்துக் குடித்தவர். பிரெஞ்சுக் கணித அறிஞர் கிளாட் பெர்ஜ் இதே கருத்தை வைத்து 1994இல் டென்ஸ்மோர் பிரபுவைக் கொன்றது யார் என்றொரு துப்பறியும் கதை எழுதினார் என்று மகன் சொன்னான். பிரபுவின் முன்னாள் மனைவியர் ஒவ்வொருவரும் தாம் மாளிகைக்கு ஒரே முறைதான் வந்ததாகவும், அங்கே இன்னின்னாரைக் கண்டதாகவும் சொல்கின்றனர். அச்சந்திப்புகளைக் கோட்டுருவாக வரைந்தால் அது நேர இடைவெளிகளால் அமையக்கூடிய கோட்டுருவாக இல்லை. ஆக, ஒருத்தி பலமுறை வந்திருக்கிறாள். யாருடைய முனையை நீக்கினால் கோட்டுரு ஒழுங்காகிறதோ அவளே கொலையாளி. "சங்கர்லாலுக்கு இது தெரியாது" என்றார் தந்தையார், சற்று வருத்தத்துடன்.

இனி நிறத்திற்கு வருவோம். நாணுடைய கோட்டுருவில் ஒரு தனிப்பண்பு உண்டு. ஒரு முனையின் அண்டை முனைகள் அனைத்தும் தமக்குள்ளும் இணைந்திருந்தால் அம்முனையைக் கடைமுனை என்று நாங்கள் அழைத்தோம் (பெயர் எங்களுடையது, சிறந்தது கிடைத்தால் மாற்றிக்கொள்வோம்). நண்பர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் மனிதனைப் போல. நாணுடைய கோட்டுரு ஒவ்வொன்றிலும் கடைமுனை ஒன்றாவது உண்டு என்றும், எல்லா முனைகளும் எல்லாவற்றோடும் இணைந்திராத கோட்டுருவாயின் தமக்குள் இணையாத இரண்டு உண்டு என்றும் 1961இல் நிறுவியவர் கேப்ரியல் டிராக். இயற்பியலாளர் பால் டிராக்கின் வளர்ப்பு மகன் இவர். நம் ஒத்திகைக் கோட்டுருவில் பேச்சும் கவிதையும் அத்தகையவை.

ஒரு கடைமுனையை நீக்கினால் மிஞ்சுவதும் நாணுடையதே, அதிலும் ஒரு கடைமுனை இருக்கும், அதையும் நீக்கலாம். வெங்காயம் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே போய் எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம். இப்படி முற்றும் உரிக்க முடிந்தால் அது நாணுடைய கோட்டுரு, முடியாவிட்டால் இல்லை என்று 1965இல் ஃபுல்கர்சனும் கிராஸும் காட்டினர்.

உரித்ததைத் தலைகீழாகத் திரும்ப வைத்துக்கொண்டே நிறந்தீட்டுங்கள். ஒவ்வொரு முனையும் உள்ளே வரும்போது, முன்பே உள்ள அதன் அண்டையர் எல்லோரும் தமக்குள் இணைந்தவர்கள். புதிய முனையும் அவர்களும் சேர்ந்தால் எல்லோரும் எல்லோரோடும் இணைந்த ஒரு குழு. கோட்டுருவின் மிகப்பெரிய குழுவில் மூவர் என்றால், அண்டையர் இருவருக்கு மேல் இருக்க முடியாது; இரண்டு நிறங்கள் போக மூன்றாவது நிறம் எப்போதும் மிஞ்சும். அவ்வளவுதான் நிறுவல். நம் குழுக்களில் செய்து பாருங்கள்: வில்லுப்பாட்டுக்கு முதல் அறை, கதைசொல்லலுக்கு இரண்டாவது, கோலத்திற்கும் நாடகத்திற்கும் மூன்றாவது, கவிதைக்கும் பேச்சுக்கும் மீண்டும் இரண்டாவது. மூன்று அறைகளில் முடிந்தது.

தந்தையார் இதைப் பென்சிலால் இருமுறை சரிபார்த்தார். இடக்கை எழுத்து, நேரமாயிற்று. மகன் அவசரப்படுத்தவில்லை. அவன் கைப்பேசி இருமுறை அதிர்ந்தது, எடுக்கவில்லை என்பதையும் ஒரு தாயின் கண் குறித்துக்கொண்டது.

பொதுவான கோட்டுருக்களில் இத்தகைய எளிமை கிடையாது. ஐந்து முனை வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூவர் குழுவே இல்லை, இருவர் குழுதான். ஆயினும் இரண்டு நிறங்கள் போதா, மூன்று வேண்டும். எந்தக் கோட்டுருவைக் கொடுத்தாலும் மூன்று நிறங்களில் தீட்ட முடியுமா என்று விரைவாகச் சொல்லும் முறை இன்றுவரை யாருக்கும் தெரியாது. நாணுடையவற்றிலோ 1972இல் கவ்ரில் ஒரு நல்ல முறை தந்தார். 1976இல் ரோஸ், டார்ஜன், லூக்கர் மூவரும் உரிக்கும் வரிசையை முனைகளையும் கோடுகளையும் எண்ணும் அளவு நேரத்திலேயே கண்டுபிடிக்க வழி சொன்னார்கள்.

என் மகனுக்கு இது பாடமாக வந்ததற்கும் காரணம் உண்டு. கணினியின் உள்ளே கணக்குப் போடும் இடத்தில் பதிவகங்கள் என்று மிகச் சில அறைகளே உள்ளன. நிரலில் வரும் மாறிகளோ ஏராளம். எந்த மாறிக்கு எந்தப் பதிவகம் என்பது மீண்டும் நம் ஒத்திகை அறைச் சிக்கலே. 1981இல் சைத்தினும் உடன் பணியாற்றியோரும் இதை நிறந்தீட்டலாகக் கண்டார்கள். ஒவ்வொரு மாறிக்கும் ஒரே முறை மதிப்பு வழங்கும் வடிவில் நிரலை எழுதிக்கொண்டால் எழும் கோட்டுரு நாணுடையதாகவே இருக்கும் என்பதை 2005ஆம் ஆண்டையொட்டிப் பலர் தனித்தனியே கண்டறிந்தார்கள்.

இங்கே நம்மவர் பங்கைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. குழுவின் அளவும் தேவையான நிற எண்ணிக்கையும், கோட்டுருவிலும் அதன் எந்தப் பகுதியை வெட்டியெடுத்தாலும், ஒன்றாகவே இருக்குமானால் அதைச் செவ்விய கோட்டுரு என்கிறார்கள். நாணுடையவை எல்லாம் செவ்வியவை. இக்கருத்தை உருவாக்கியவர் மேற்சொன்ன பெர்ஜ். செவ்விய கோட்டுருக்களைப் பற்றிய அவருடைய கட்டுரை ஒன்று 1963இல் வெளிவந்தது கல்கத்தாவில், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் வெளியீடாக. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஒற்றைப்படை முனைகள் கொண்ட நாணில்லா வட்டமும், அதன் இணைப்புகளைத் தலைகீழாக்கிய உருவும் உள்ளே இல்லையென்றால் கோட்டுரு செவ்வியது என்பது அவருடைய ஊகம். சென்னை ஐஐடியில் பணியாற்றிய கே. ஆர். பார்த்தசாரதியும் ஜி. ரவீந்திராவும் 1976இல், ஒரு முனையிலிருந்து தமக்குள் இணையாத மூன்று முனைகளுக்குக் கோடு பிரியும் பறவைக்கால் உருவம் இல்லாத கோட்டுருக்களுக்கு அந்த ஊகம் மெய் என்று நிறுவினர். முழு நிறுவல் 2002 மே மாதத்தில் சுத்னோவ்ஸ்கி, ராபர்ட்சன், சீமோர், தாமஸ் நால்வரால் அறிவிக்கப்பட்டது. பெர்ஜ் அதே ஆண்டு ஜூன் 30ஆம் நாள் மறைந்தார். நிறுவல் அச்சேறியது 2006இல்.

திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் ஆர். பாலகிருஷ்ணன், கே. ரங்கநாதனோடு எழுதிய கோட்டுருவியல் பாடநூல் 2000ஆம் ஆண்டில் ஸ்பிரிங்கர் வெளியீடாக வந்தது. அவரும் பி. பால்ராஜாவும் 1983இல் நாணுடைய கோட்டுருக்களின் அடுக்குகளை ஆராய்ந்தார்கள். மூன்று அடிக்குள் சென்றடையக்கூடிய முனைகளையெல்லாம் நேரடியாக இணைத்தால் மூன்றாம் அடுக்கு. நாணுடைய கோட்டுருவின் ஒற்றைப்படை அடுக்குகள் எல்லாம் நாணுடையவையே என்பது அவர்கள் கண்ட முடிவு. இரட்டைப்படையில் இது பொய்க்கும். நடுவில் நான்கு புள்ளிகள், எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்தவை. வெளியே நாற்புறமும் ஒவ்வொரு புள்ளி, ஒவ்வொன்றும் தன் பக்கத்து இரண்டு உட்புள்ளிகளோடு மட்டும் இணைந்தது. இதன் இரண்டாம் அடுக்கில் வெளிப்புள்ளிகள் நான்கும் நாணில்லா வட்டமாகிவிடும். மூன்றாம் அடுக்கில் அக்குறை தீர்ந்துவிடுகிறது. வரைந்து பாருங்கள், புள்ளிக்கோலம் போலவே இருக்கும்.

"திருச்சியா?" என்று மட்டும் கேட்டார் தந்தையார். அவர் பிறந்த ஊர் லால்குடிக்குப் பக்கம். அவர்கள் எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில்தான் என்பதை நான் சொல்லவில்லை. ஆய்வுலகின் மொழி அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆய்வை ஆங்கிலத்தில் எழுதுவது வேறு, அதை வீட்டில் தமிழில் சொல்ல இயலாமற் போவது வேறு. பயிற்சிக் கழகத்தில் எங்களுக்கு மொழி கற்பிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்: கதை, உரையாடல், படவிளக்கம். ஒரு நிறுவலைத் தமிழில் சொல்லப் பழக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "ஆகவே", "எனவே", "அப்படியானால்" ஆகிய மூன்று இடைச்சொற்களையும் என் மகன் பத்தாண்டுகள் தமிழ் வகுப்பில் கோடிட்ட இடங்களை நிரப்பியே கற்றான். தேவைப்பட்டுப் பயன்படுத்தியது அன்றுதான்.

அதன்பின் சில வாரங்களாகச் சனிக்கிழமைகளில் இதுவே நடக்கிறது. எல்லா வாரமும் இனிதாக நடப்பதாகச் சொல்லமாட்டேன். தந்தையாருக்குச் சில நாள் சொற்கள் அடைபட்டுப் போகின்றன. அப்போது கோபம் வருகிறது. மகனுக்குச் சில நாள் தேர்வு. மரக்கிளைகளைக் கொண்டு நாணுடைய கோட்டுருக்களை விளக்கலாம் என்று 1974இல் கவ்ரிலும் புனமனும் கண்டதை அவன் சொல்ல முயன்ற நாளில் மூவருமே குழம்பிப் பாதியில் விட்டோம். அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

சென்ற வாரம் கேள்வி தந்தையாரிடமிருந்து வந்தது. நாணில்லாத வட்டத்திற்கு எத்தனை நாண்கள் போட்டால் அது நாணுடையதாகும்? மகன் தீக்குச்சிகளைப் பரப்பினான். நான்கு முனைக்கு ஒன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு மூன்று. முனைகளின் எண்ணிக்கையில் மூன்றைக் கழித்தால் விடை. தனி வட்டத்திற்கு இது எளிது. வட்டங்கள் பல பின்னிக்கிடக்கும் கோட்டுருவில் மிகக்குறைந்த நாண்களைக் கண்டுபிடிப்பது மிகக் கடினமான சிக்கல் வகையைச் சேர்ந்தது என்று 1981இல் யன்னகாக்கிஸ் நிறுவியிருக்கிறார். இப்படிக் கோடுகளைச் சேர்ப்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று மகன் என்னைக் கேட்டான். நிரப்பல், இட்டு நிரப்பல், இணைப்புக்கூட்டல் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். தந்தையார் எனக்காகக் காத்திராமல் பேரனைப் பார்த்து வில்லை வளைப்பதுபோல் ஒரு கையசைப்புச் செய்து, "நாணேற்றுதல்" என்றார்.